பார்வை நேரம் பத்து முதல் ஐந்தரை வரை

முதுநகரில் வீட்டுக்குள் கழிவறை கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்ட முதல் மனிதர் லூர்துசாமி. கடைசி மனிதரும் அவராகத்தான் இருப்பார்.

மற்றவர்களுக்கு இதில் ஒரு முறை உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செங்கல் வந்து இறங்கும். சனிக்கிழமை காலையில் கொத்தனார் வருவார். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் பீங்கான் பதித்து, கதவு மாட்டி, வீட்டில் ஒருவர் உள்ளே போய்விட்டும் வந்துவிடுவார். திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்போது அந்தக் கழிவறை அங்கே காலங்காலமாக இருந்து வருவதுபோல நிற்கும். அதிகாரிகளும் இந்த ஏற்பாட்டுக்கு மதிப்புக் கொடுத்து, சனி ஞாயிறுகளில் அந்தப் பக்கம் வருவதில்லை.

லூர்துசாமிக்கு இது ஒத்துவரவில்லை. அரசுப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லேபிள் இல்லாத பாட்டிலைத் திறக்க மாட்டார். லேபிள் இருந்தால், அதில் எழுதியிருப்பதை நம்பிவிடுவார்.

கழிவறை அவருக்காக அல்ல. அவர் மனைவி ஜெயராணிக்கு ஆடி மாதம் இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. "குந்தவே கூடாது. படி எறங்கக் கூடாது. வீட்டுக்குள்ளயே வெஸ்டர்ன் வச்சிடுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இருந்த ஒரே கழிவறை கொல்லைப்புறத்தில், ஐந்து படி இறங்கி, குந்துகிற மாதிரி. லூர்துசாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ரம்பத்தால் வட்டமாக அறுத்து அங்கே கொண்டுபோய் வைத்தார். ஒவ்வொரு தடவையும் ஜெயராணியின் கையைப் பிடித்துப் படி இறக்கி உள்ளே விட்டு, வேப்பமரத்தைப் பார்த்தபடி வெளியே நின்றார்.

"இப்ப ஆவணி. ஐப்பசியில மழ புடிச்சிதுன்னா அந்தப் படி பாசி கட்டிக்கும்" என்றார் ஜெயராணி. "அதுல நான் ஒரு தடவ வுழுந்தா, டாக்டர் போட்ட ரெண்டு முட்டியும் போச்சி. நீங்க என்னா பண்ணுவீங்களோ, ஐப்பசிக்குள்ள கட்டிடணும்."

"நாளைக்கே விண்ணப்பம் குடுத்துடுறேன்."

"விண்ணப்பமா? கொத்தனாருக்கா?"

விண்ணப்பத்தில் இருபத்திரண்டு கட்டங்கள் இருந்தன. லூர்துசாமி எல்லாவற்றையும் கறுப்பு மையில் நிரப்பினார். பதினான்காவது கட்டம், 'கட்டடம் கட்டப்பட்ட ஆண்டு'. அவர் '1959' என்று எழுதினார். கட்டட அனுமதி அலுவலகத்தில் சன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"வருஷமெல்லாம் எதுக்கு சார் போட்டீங்க?"

"கட்டம் இருந்துது சார்."

"கட்டம் இருந்தா?" என்றார் அவர். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அந்தக் காகிதத்தை இடது பக்கம் இருந்த அடுக்கில் வைக்காமல், வலது பக்கம் தனியாக இருந்த ஒரு தட்டில் போட்டார். அந்தத் தட்டில் அதற்கு முன் ஒரு காகிதம்கூட விழுந்ததில்லை என்பது தூசியிலிருந்து தெரிந்தது.

இருபது நாள் கழித்துச் சிதம்பரத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. அனுப்பியது நடுநூற்றாண்டு நவீனச் சின்னங்கள் ஆணையம், மண்டல அலுவலகம். 'தங்கள் இல்லம் 1950க்கும் 1970க்கும் இடைப்பட்டதாகத் தெரியவருவதால் அது உத்தேசச் சின்னமாகக் கருதப்படுகிறது. மறு உத்தரவு வரும்வரை அதில் ஆணி அடித்தல், சுண்ணாம்பு பூசுதல், புதிதாகக் கட்டுதல் ஆகியவை தண்டனைக்குரிய குற்றமாகும். தங்களுக்கு எமது வாழ்த்துகள்.'

"வாழ்த்து சொல்லியிருக்காங்க" என்றார் லூர்துசாமி.

"கக்கூசு?"

"அதப் பத்தி ஒண்ணும் போடல."

மறுநாள் அவர் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். அந்தப் புரட்டாசியில் மட்டும் ஐந்து தடவை ஏறியிருப்பார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று கண்டக்டர் சொல்வதற்கு முன்பே அவர் வாய் முணுமுணுக்கும். ஆணையத்தின் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. அந்த இடத்தில் முன்பு ஒரு பழைய வீடு இருந்ததாகவும், பழமையைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்கு லிஃப்ட் உள்ள கட்டடம் தேவைப்பட்டதால் அதை இடித்துவிட்டுக் கட்டியதாகவும் கீழே டீ குடித்துக்கொண்டிருந்த காவலாளி சொன்னார். லிஃப்ட் ஓடவில்லை.

மேலே குணசுந்தரி என்கிற கள உதவியாளர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எதிரில் நிற்பவரை உட்காரச் சொல்லும் பழக்கம் அவரிடம் இன்னும் மிச்சமிருந்தது.

"ஒரு கழிவறைதாம்மா. ஆறுக்கு நாலு. வூட்டம்மாவுக்கு முட்டி ஆபரேஷன்."

"புரியுது சார். ஆனா நீங்க இப்ப உத்தேசச் சின்னம். உத்தேசத்துல எதுவும் பண்ண முடியாது. ஒண்ணு சின்னம் ஆவணும், இல்லாட்டி சின்னம் இல்லன்னு ஆவணும்."

"சின்னம் இல்லன்னு ஆவறதுக்கு என்னா செய்யணும்?"

"மொதல்ல ஆய்வு. எங்க நிபுணர் அருள்முருகன் சார் நேர்ல வருவார். ரொம்பப் பெரிய ஆளு. வெளிநாட்டுல எல்லாம் வீடு பாத்திருக்கார்."

"வாடகைக்கா?"

குணசுந்தரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தேதி எழுதிக் கொடுத்தார்.

அருள்முருகன் வந்த அன்று வெயில் கடுமை. காரிலிருந்து இறங்கியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு கூடத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். பத்து நிமிடம் பார்த்தார்.

அந்த வீட்டின் கூரை மற்ற வீட்டுக் கூரைகள் மாதிரி நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்திருக்காது. இருபுறமும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருக்கும். மழை பெய்தால் மொத்தத் தண்ணீரும் நடுப்பள்ளத்துக்கு ஓடி வரும். பின்பக்கக் குழாயில் வேப்பிலை அடைத்துக்கொண்டால் நேராகக் கூடத்தில் கொட்டும். அதற்காகக் கூடத்தின் நடுவில் ஒரு பித்தளை அண்டா நிரந்தரமாக உட்கார்ந்திருந்தது.

"பறக்க நினைக்குது" என்றார் அருள்முருகன்.

"எது சார்?" லூர்துசாமி சுற்றிலும் பார்த்தார்.

"வீடு. இது வண்ணத்துப்பூச்சிக் கூரை. வானத்தைத் தடுக்கவில்லை, வரவேற்கிறது. இந்தத் தாழ்வாரத் தூண்களைப் பாருங்க, நேரா நிக்க மறுக்குது. காலனியத்தின் நிமிர்ந்த தூணுக்கு எதிரான சாய்ந்த தூண்."

"அது ஹார்பர்ல ஏலத்துல எடுத்த பைப்பு சார். நீளம் ஜாஸ்தியா இருந்துது. அறுக்க அப்பாவுக்கு மனசு வரல. சாய்ச்சு நிறுத்திட்டாரு."

அருள்முருகன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கிழக்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த வட்ட ஜன்னலுக்கு முன்னால் குனிந்தார். "இது ஏன் இவ்வளவு கீழே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரியாது. நின்றுகொண்டு உலகத்தைப் பார்ப்பவன் ஆள்பவன். தரையில் உட்கார்ந்து பார்ப்பவன் குடிமகன். குடியரசு பிறந்த சூட்டில், ஒரு கலைஞன் குடிமகனுக்காகத் திறந்த ஜன்னல் இது."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜெயராணி, "அது வழியா இதுவர பூனதான் பாத்திருக்கு" என்றார்.

அடுத்து, அசல் எது, பிற்காலச் சேர்க்கை எது என்ற கணக்கெடுப்பு நடந்தது. அருள்முருகன் கேட்கக் கேட்க, லூர்துசாமி உண்மையைச் சொல்லச் சொல்ல, கூட வந்திருந்த குணசுந்தரி எழுதினார். மின்சாரம் 1966, ஆகவே மின்விசிறிகள் பிற்காலம். அண்டா ஜெயராணியின் கல்யாணச் சீர், 1986, பிற்காலம். கொல்லைப்புறக் கழிவறை 1974.

"பிற்காலச் சேர்க்கை. அகற்றணும்" என்றார் அருள்முருகன்.

லூர்துசாமிக்கு முதலில் விளங்கவில்லை. "சார், நான் கேட்டது இன்னொண்ணு கட்ட."

"சின்னத்தின் தூய்மைன்னு ஒண்ணு இருக்கு. 1959ல இந்தக் குடும்பம் எங்கே போனாங்க?"

"உப்பனாத்துப் பக்கம்."

"அற்புதம். அந்த நடைமுறை தொடரலாம். ஆணையத்துக்கு ஆட்சேபம் இல்லை."

"இவர் எப்ப பொறந்தாரு தெரியுங்களா? அம்பத்தெட்டு" என்று ஜெயராணி கணவரைக் காட்டினார். "அப்ப இவரு அசலு. நான் எம்பத்தாறுல அண்டாவோட வந்தவ. பிற்காலச் சேர்க்கை. என்னயும் சேத்து அகத்திடுங்க சார். கக்கூசு இருக்கிற எடமாப் பாத்து எறக்கி வுடுங்க."

அருள்முருகன் அவரை யோசனையோடு பார்த்தார். உண்மையிலேயே அதைப் பரிசீலிக்கிறாரோ என்று லூர்துசாமிக்குப் பயம் வந்தது.

கார் கிளம்பியதும் பக்கத்து வீட்டுப் பழனிவேல் மதில்மேல் தலையை நீட்டினார். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்க வேண்டிய நேரம் முழுவதையும் மதிலோரம் செலவிட்டார்.

"இன்னா மாமா, சின்னம் குடுத்துட்டாங்களாமே. எந்தத் தொகுதியில நிக்கப் போறீங்க?"

"போ மச்சான், வேற வேல இல்ல உனக்கு."

"சனிக்கிழமை கொத்தனாரக் கூப்புட்டுருந்தா இன்னேரம் ஒரு மாசப் பழசாயிருக்கும். நேர்மையான மனுசன் நேரா ஆத்தங்கரைக்குத்தான் போவணும்."

லூர்துசாமி உள்ளே போய் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அவருக்கு ஒரு காகிதம் ஞாபகம் வந்திருந்தது. அது கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினார்.

காகிதம் கிடைத்தது. 1958ல் தெருப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய உடன்படிக்கை. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா அந்தோணிசாமி வீடு கட்ட ஆரம்பித்தபோது, கிழக்கு மனைக்காரர் சாமிக்கண்ணு, 'உன் கூரைத் தண்ணீர் ஒரு சொட்டு என் மனையில் விழுந்தால் வெட்டுவேன்' என்று சொல்லியிருக்கிறார். மேற்கு மனைக்காரி புஷ்பவள்ளி அதையே, வெட்டுவேன் என்ற சொல்லுக்குப் பதில் இன்னும் கடுமையான ஒன்றைப் போட்டுச் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் தண்ணீர் விழக்கூடாதென்றால் எங்கேதான் விழும்? அந்தோணிசாமி இரண்டு பக்கக் கூரையையும் உள்பக்கம் சாய்த்து, தண்ணீரைத் தன் தலையிலேயே விட்டுக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே இன்னொரு வரி: 'கிழக்குச் சுவரில் வைக்கும் ஜன்னல் சாமிக்கண்ணு வீட்டு அடுப்படி தெரியாத உயரத்தில் இருக்க வேண்டியது.'

லூர்துசாமி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனார். மூன்று மாடி ஏறினார்.

"பாருங்க சார். கலையும் இல்ல, வண்ணத்துப்பூச்சியும் இல்ல. அக்கம்பக்கத்துச் சண்ட. அப்பாவுக்கு வேற வழி தெரியல. இத வச்சு சின்னம் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, மழைக்கு முன்னாடி நான் அந்த ஆறுக்கு நாலக் கட்டிக்குவேன்."

அருள்முருகன் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுபடி படித்தார். அவர் கண்கள் ஈரமாயிருந்தன.

"லூர்துசாமி, இருபது வருஷமா நான் தேடிக்கிட்டிருந்த ஆவணம் இது. நடுநூற்றாண்டு நவீனம் மேலை நாட்டிலிருந்து வந்ததுன்னுதான் எல்லாரும் எழுதுறான். இல்லை. அது முதுநகர்ல, மக்களின் உரையாடல்லேர்ந்து பிறந்திருக்கு. சாமிக்கண்ணு, புஷ்பவள்ளி, அந்தோணிசாமி. மூன்று கலைஞர்கள்."

"சாமிக்கண்ணு அருவாள எடுத்துக்கிட்டு வந்தாராம் சார்."

"விமர்சனம்" என்றார் அருள்முருகன்.

ஒரு வாரத்தில் வீடு உத்தேசத்திலிருந்து முழுச் சின்னமாக உயர்ந்தது. கூடவே பழனிவேலுக்கும் ஒரு பதிவுத் தபால் வந்தது. இணைக் கலைஞர் சாமிக்கண்ணுவின் வாரிசு என்ற முறையில் அவருடைய வீடும் பாதுகாப்பு வளையத்துக்குள் வருகிறது. அவர் பாதி கட்டி வைத்திருந்த பால்கனியை அப்படியே நிறுத்த வேண்டும். மேலும், இரு வீட்டாருக்கும் இடையிலான தண்ணீர்த் தகராறு மரபுரிமையின் பகுதி என்பதால், அவர்கள் இயன்றவரை சமாதானமாகப் போகாமல் இருப்பது விரும்பத்தக்கது.

பழனிவேல் கடிதத்தை மதில்மேல் வைத்துத் தட்டினார். "எங்கப்பன் சண்ட போட்டதுக்கு நான் பால்கனியில துணி காயப் போடக் கூடாதா மாமா? இது எந்த ஊரு நாயம்?"

"உன் வீட்டக் கட்டுன வருஷம் நான் சொல்லல மச்சான். அவுங்களே கண்டுபுடிச்சிட்டாங்க."

"நீங்க சொல்லாட்டி? உங்க கையெழுத்து இருந்தா போதாதா, தெருவையே அழிக்க."

ஐப்பசிக்குப் பத்து நாள் இருந்தது. ஆணையத்தின் தலைவர் செம்பியன் நேரில் வந்து சின்னப் பலகையைத் திறந்துவைப்பதாகத் தகவல் வந்தது. திங்கட்கிழமை காலையில் ஆட்கள் வந்து கொல்லைப்புறக் கழிவறையை இடித்தார்கள். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைப் பதினாறாவது வரிசை எண்ணில் 'மர்மமான இருக்கை' என்று பதிந்து எடுத்துப் போனார்கள். லூர்துசாமி அதை விளக்கப் போனார். ஜெயராணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்க இதுவர வெளக்குனது போதும்."

அன்று மத்தியானம் ஜெயராணி, கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, பழனிவேல் வீட்டுக் கொல்லைக்குப் போனார். அங்கேயும் குந்துகிற மாதிரிதான். திரும்பி வரும்போது அவர் உதடு வெளுத்திருந்தது. இருபத்தேழு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். நூற்றைம்பது பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைத்தவர். அன்றைக்கு அவர் இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது லூர்துசாமியை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். வட்ட ஜன்னல் வழியாக வெளியே பார்க்கலாம் என்று குனிந்து, அது எதற்கு என்று நிமிர்ந்தார். கிழக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை செங்கல் லோடு வந்தது. பின்னாலேயே குணசுந்தரி வந்தார்.

"சார், தலைவரோட முன்னேற்பாட்டுக் குறிப்பு வந்திருக்கு. தலைவருக்கு முட்டி வலி. மேடையிலேர்ந்து முப்பது அடிக்குள்ள வெஸ்டர்ன் இருக்கணுமாம். படி இருக்கக் கூடாதாம். அதான் உங்க கூடத்தை ஒட்டி, ஆறுக்கு நாலு..."

"நான் விண்ணப்பத்துல காட்டுன எடம்" என்றார் லூர்துசாமி.

"ஆமா சார். வரைபடம்கூட உங்களுதுதான். ஃபைல்ல இருந்துது."

"இதுக்கு அனுமதி?"

"இது கட்டடம் இல்லியே சார். விழா ஏற்பாடு. தோரணம் மாதிரி."

மூன்று நாளில் வேலை முடிந்தது. ஜெயராணி நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, வழவழன்னு வேணாம். சொரசொரப்பு டைல்ஸ் போடு, தலைவர் வழுக்கி வுழுந்துட்டா உன் பேருதான் கெடும்." "கைப்பிடிய வலது பக்கம் வை. தலைவருக்கு வலது கைதான் பலம்." "எத்தன அங்குலம்? பதினேழா? பதினெட்டு வை. தலைவரு என் ஒசரம்தான் இருப்பாரு." மூன்றாவது தடவை 'தலைவர்' என்றதுமே கொத்தனார் காத்தவராயனுக்கு அது யார் என்று புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரே, "அம்மா, தலைவருக்குக் குழாய் கைக்கு எட்டுதான்னு ஒருவாட்டி ஒக்காந்து பாருங்க" என்றார்.

விழா வெள்ளிக்கிழமை. செம்பியன் வந்ததும் நேராக அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனார். பன்னிரண்டு நிமிடம் நாதஸ்வரம் வாசித்தார்கள். வெளியே வந்தவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே. இந்த ஆணையம் தொடங்கி ஆறு ஆண்டுகளில் நாற்பத்திரண்டு சின்னங்களை அறிவித்திருக்கிறோம். அவற்றில் பதினொன்று இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன. மீதி முப்பத்தொன்றின் பலகைகளும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. பழைய வீடு என்றால் எனக்கு உயிர். என் தாத்தா கட்டிய வீட்டை நான் இடித்தபோது கலங்காத கண் இல்லை. இடித்தவர்களே கலங்கினார்கள். அங்கே இன்று நிற்கும் கல்யாண மண்டபத்துக்கு அந்த வீட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். குளிர்சாதன வசதி உண்டு."

கைதட்டினார்கள். தலைவர் உருகிப்போனார்.

"ஆகவே சொல்கிறேன். இன்று, இந்த நிமிடம், இந்த வீட்டில் என்னென்ன இருக்கிறதோ அதில் ஒரு செங்கல்கூட இனி அசையாது. இதை என் வாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். உத்தரவாக எடுத்துக்கொள்ளுங்கள்."

எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை, விழா ஏற்பாடுகளை அகற்ற ஆட்கள் வந்தபோது குணசுந்தரி வாசலிலேயே அவர்களைத் தடுத்தார். பந்தலையும் தோரணத்தையும் பிரிக்கலாம். கழிவறை மேல் கை வைக்கக் கூடாது. தலைவர் பேசிய நிமிடத்தில் அது இருந்தது. எனவே அது சின்னம்.

ஜெயராணி எழுந்து நின்றார். அறுவைக்குப் பிறகு அவர் யார் கையையும் பிடிக்காமல் நின்றது அன்றுதான்.

"ஆனா பயன்படுத்த முடியாதும்மா" என்றார் குணசுந்தரி, தரையைப் பார்த்துக்கொண்டு. "சின்னத்தின் உள்பகுதி பார்வைக்கு மட்டும். பார்வை நேரம் பத்து முதல் ஐந்தரை வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை. சாவி பொறுப்பாளர்கிட்ட இருக்கும். அதாவது சார்கிட்ட. இது பார்வையாளர் பதிவேடு."

கனத்த அட்டை போட்ட நோட்டு. ஜெயராணி அதை வாங்கிப் புரட்டினார். இருபத்தேழு வருடம் முட்டைக்கும் பருப்புக்கும் பதிவேடு எழுதிய கை அது. உலகத்தில் நடப்பது வேறு, பதிவேட்டில் நடப்பது வேறு என்பதும், அரசாங்கம் குடியிருப்பது இரண்டாவதில்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

"ஒரு பார்வையாளர் எவ்ளோ நேரம் பாக்கலாம்?"

"அதுக்குக் கட்டுப்பாடு இல்லம்மா."

"ஒரே ஆளு ஒரு நாளைக்கு ஏழு எட்டு தடவ பாக்கலாமா?"

குணசுந்தரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கூடாதுன்னு இல்ல."

"கதவச் சாத்திக்கிட்டு, தனியா, ஒக்காந்து பாக்கலாமா?"

குணசுந்தரி நிமிர்ந்து ஜெயராணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு முழங்கால்களைப் பார்த்தார். கடைசியாக மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "சின்னத்தைப் பார்வையாளர் எந்த நிலையில் பார்க்கணும்னு விதியில இல்லம்மா."

"பத்து மணிக்கு முன்னாடி?"

குணசுந்தரி பேனாவை எடுத்து, பதிவேட்டில் 'பிரிவு' என்ற கட்டத்தைச் சுட்டினார். "ஆய்வாளர்னு ஒரு பிரிவு இருக்கு. ஆய்வாளர்களுக்கு நேரமும் இல்ல, விடுமுறையும் இல்ல."

ஐப்பசி ஒன்றாம் தேதி விடியற்காலையில் மழை பிடித்தது. கூரை இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் நடுவில் கூட்டி, கழிவறையை இடித்த அன்றே ஆணையத்து ஆட்கள் அண்டாவையும் எடுத்துப் போய்விட்டதால், நேராகத் தரையில் கொட்டியது. ஜெயராணி அதைச் சுற்றிக்கொண்டு நடந்துபோனார். லூர்துசாமி சாவியைப் போட்டுத் திறந்தார். பதிவேட்டில் எழுதினார். பெயர்: ஜெயராணி. பிரிவு: ஆய்வாளர். நேரம்: 5.40. அடுத்தது, வருகையின் நோக்கம். அங்கே அவர் பேனா நின்றுவிட்டது.

"என்னா எழுதட்டும்?"

"நேரடி ஆய்வுன்னு எழுதுங்க" என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

ஒன்பது நிமிடம் கழித்து வெளியே வந்த ஜெயராணி, பேனாவை வாங்கி, 'கருத்து' என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார். நிம்மதி.

லூர்துசாமியின் நிலை வேறாக இருந்தது. பொறுப்பாளர் பார்வையாளராகக் கருதப்பட மாட்டார் என்று விதி தெளிவாகச் சொன்னது. லூர்துசாமி அதைப் படித்திருந்தார். ஆகவே அவர் மட்டும் குடை பிடித்துக்கொண்டு பழனிவேல் வீட்டுக்குப் போய்வந்தார்.

"வாங்க கலைஞர் மகனே" என்று பழனிவேல் தினமும் பாதி பால்கனியின் அடியில் நின்று வரவேற்றார். "சமாதானமாப் போவக் கூடாதுன்னு லெட்டர் இருக்கு. ஒரு ரெண்டு திட்டு திட்டிட்டு உள்ள போங்க."

தை மாதம் காலாண்டு அறிக்கை வெளியானது. மண்டலத்திலேயே அதிகம் பேர் பார்வையிட்ட சின்னம் முதுநகர் வண்ணத்துப்பூச்சி இல்லம்: அறுநூற்று நாற்பத்தொரு வருகைகள். மற்ற சின்னங்களில் ஒரு பார்வையாளர் சராசரியாக இரண்டு நிமிடம் இருக்கிறார். இங்கே ஒன்பது நிமிடம். வந்தவர்களில் நூற்றுக்கு நூறு பேர் பெண்கள், நூற்றுக்கு நூறு பேர் ஆய்வாளர்கள். கட்டடக்கலை ஆய்வில் பெண்கள் அடைந்திருக்கும் முன்னேற்றம் குறித்து அருள்முருகன் நாலு பக்கத்துக்கு முன்னுரை எழுதியிருந்தார். கருத்துக் கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் அந்த ஒற்றைச் சொல், நவீனத்துவம் மனித மனத்தில் ஏற்படுத்தும் விளைவுக்குச் சான்று என்றும் அதில் இருந்தது.

அறிக்கையோடு லூர்துசாமிக்கு ஒரு கடிதமும் இருந்தது. அவர் கூடத்தில் நின்றபடி அதைப் படித்தார். பிறகு கதவுக்கு நேராகத் திரும்பி, உள்ளே ஆய்வில் இருந்த மனைவிக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்.

"காலாண்டில் ஐந்நூறு பேருக்கு மேல் வரும் சின்னங்களில், பார்வையாளர்களின் வசதிக்காக ஒரு கழிவறை இருக்க வேண்டியது கட்டாயமாகும். இதற்குப் பொறுப்பாளர் உரிய படிவத்தில் விண்ணப்பித்து முன் அனுமதி பெற வேண்டும்."

உள்ளே தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. ஜெயராணி வந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டார்.

"படிவம் வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்க. இருபத்திரண்டு கட்டம்."

லூர்துசாமி படிவத்தைப் பதிவேட்டின்மேல் விரித்து வைத்தார். கறுப்பு மைப் பேனாவின் மூடியைக் கழற்றினார். பெயர், முகவரி, தெரு என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தார். பதின்மூன்று முடிந்தது. பதினான்கின் மேல் பேனா சற்று நேரம் நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் பழனிவேல் இருமும் சத்தம் கேட்டது.

லூர்துசாமி பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமதான?"

"ஆமா. ஏன்?"

"அந்தக் காத்தவராயன் நம்பர் உங்கிட்ட இருக்கா?"